மாங்கூழ் மெயிலில் ‘பல்ப்’: எந்த நிகழ்காலம் எங்கே?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: “சீசனில் தினமும் சாயங்காலம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் போட வேண்டும். கூழைக் குறிக்கும் ‘பல்ப்’ (pulp) என்பதை வினைச்சொல்லாக எழுதலாமா? இதுவரை ‘வீ ஆர் டூயிங் பல்ப்பிங்’ என்றுதான் எழுதுகிறேன். எந்த நிகழ்காலம் எங்கே வரும் என்பதிலும் குழப்பம்.”

தாராளமாக எழுதலாம். ஆங்கில அகராதிகளில் இது பெயராகவும் வினையாகவும் இருக்கிறது. விற்காத புத்தகங்களைக் கூழாக்குவதற்கும் பதிப்பகத்தார் இதே வினையைத்தான் சொல்கிறார்கள். அதனால் ‘டூயிங்’ வேண்டாம், ‘வீ ஆர் பல்ப்பிங்’ போதும். ‘ஸ்டாப்’ என்பது ‘ஸ்டாப்பிங்’ ஆகும்போது கடைசி ‘பி’ இரட்டிக்கும். இங்கே அதற்கு முன்னால் ‘எல்’ நிற்பதால் இரட்டிக்காது, ஒரே ‘பி’தான்.

குழப்பம் வருவது நம் தமிழ்ப் பழக்கத்தால். வழக்கமாகச் செய்வதைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம்: “வருஷா வருஷம் பெங்களூராதான் அரைப்போம்.” அதை அப்படியே ‘எவ்ரி இயர் வீ வில் பல்ப் தோதாபுரி’ என்று எழுதினால், இனிமேல் செய்யப்போவதாக நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள் என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளலாம். வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்தான்: ‘எவ்ரி இயர் வீ பல்ப் தோதாபுரி.’ எழுவாய் படர்க்கை ஒருமையானால் ‘எஸ்’ விட்டுப்போகக் கூடாது: ‘அவர் பிளான்ட் பல்ப்ஸ் தோதாபுரி.’ நம் ஊரில் பெங்களூரா என்றாலும் மெயிலில் தோதாபுரி என்றே எழுதுங்கள், வெளியில் அந்தப் பெயர்தான் பழக்கம்.

இந்த வாரம் மட்டும் அல்போன்சா ஓடுகிறதா? ‘திஸ் வீக் வீ ஆர் பல்ப்பிங் அல்போன்சா.’ நீங்கள் மெயில் அடிக்கும் நிமிடத்தில் ஷிப்ட் மாறுவதற்காக மெஷின் நின்றிருந்தாலும் இது சரிதான்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். “நாலு நாளா ஓடுது” என்பதை ‘வீ ஆர் பல்ப்பிங் சின்ஸ் ஃபோர் டேஸ்’ என்று எழுதுகிறோம். அது தவறு. எப்போதோ தொடங்கி இன்னும் நடக்கிறது என்றால் ‘ஹேவ் பீன்’ வேண்டும்: ‘வீ ஹேவ் பீன் பல்ப்பிங் ஃபார் ஃபோர் டேஸ்.’ எத்தனை நாள் என்றால் ‘ஃபார்’, எந்த நாளிலிருந்து என்றால் ‘சின்ஸ் மண்டே’.

இதுவரை முடித்த அளவைச் சொல்லும்போது ‘பீன்’ வராது: ‘வீ ஹேவ் பல்ப்ட் 60 டன்ஸ் ஸோ ஃபார்.’ நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடப் போய்விடும்: ‘எஸ்டர்டே வீ பல்ப்ட் 20 டன்ஸ்.’ ‘வீ ஹேவ் பல்ப்ட் 20 டன்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் இதில் சறுக்கினால் கணக்கே புரண்டுவிடும். இந்த வினை எதன்மேல் நடக்கிறதோ அது பழம், கூழ் அல்ல. ‘பல்ப்ட் 60 டன்ஸ்’ என்றால் 60 டன் பழம் உள்ளே போனது என்று பொருள். தோலும் கொட்டையும் போக வெளியே வரும் கூழ் அதைவிடக் குறைவு. டிரம் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் 60 டன் கூழ் தயார் என்று நினைத்துவிட்டால், பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பழத்தையும் கூழையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: ‘வீ ஹேவ் பல்ப்ட் 60 டன்ஸ் ஆஃப் ஃப்ரூட்’ என்று ஒரு வரி. கூழின் எடைக்கு ‘வீ ஹேவ் புரொட்யூஸ்ட்’ என்று தொடங்கி, ‘டன்ஸ் ஆஃப் பல்ப்’ என்று முடியும் இன்னொரு வரி.