டெல்வானி குலத்துக்கு ஒரு விரிவாக்கம்: கேட்டவையும் என் பதில்களும்

2002-இல் வெளிவந்த மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டில் வரும் மந்திரவாதிகளின் குலமான டெல்வானி பெருங்குலத்துக்கு விரிவாக்க மாட் (ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) ஒன்றைச் செய்யத் திட்டமிடும் நண்பர்கள் சிலர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பியிருந்தார்கள். அதே விளையாட்டுக்குப் பல ஆண்டுகளாகச் சிறு மாட்களைச் செய்துவருகிறவன் என்ற அளவில் பதில் எழுதுகிறேன். உரையாடலும் குவெஸ்ட் (ஆட்டக்காரருக்குத் தரப்படும் பணி) அமைப்பும் என் துறை. முப்பரிமாண மாடல் செய்வது என் துறையன்று.

கேள்வி: ஐயா, ஒரு புதிய தீவு, பத்துக் காளான் கோபுரங்கள், நாற்பது குவெஸ்ட்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தீவிலிருந்து தொடங்காதீர்கள். விளையாட்டு நடக்கும் தீவான வார்டன்ஃபெல்லுக்கு வெளியே பெருநிலத்தில் உள்ள டெல்வானி நிலப்பகுதியை டேம்ரியல் ரீபில்ட் என்ற தன்னார்வலர் திட்டம் ஏற்கெனவே கட்டி வெளியிட்டுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் கூடிச் செய்துவரும் வேலை அது. நிலம் கட்டுவதில் அவர்களோடு போட்டியிட ஐந்து பேரால் முடியாது.

குறை நிலத்தில் இல்லை, எதிர்வினையில் இருக்கிறது. டெல்வானி குலத்தில் ஒருவர் பத்துப் படிநிலைகளையும் ஏறி, டெல் ஆருன் ஊரில் இருக்கும் குலத்தலைவன் கோத்ரெனைக் கொன்று ஆர்ச்மாஜிஸ்டர், அதாவது தலைவன், ஆகிவிட்ட பிறகு என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தலைவனைக் கொன்றவனே தலைவனாவது இந்தக் குலத்தில் குற்றமன்று, மரபு. அப்படியென்றால் மறுநாள் காலையில் அந்த நாற்காலிக்குக் குறிவைக்கும் அடுத்த மந்திரவாதி யார்? குலத்தின் கவுன்சில் உறுப்பினர்களில் பித்துப் பிடித்த தெரானா அதைக் கவனித்தாளா? ஆண்களை வெறுக்கும் திராத்தா, ஆண் ஒருவன் தலைவனாகியிருந்தால் அவனிடம் எப்படிப் பேசுவாள்? அயல்நாட்டவரின் பழக்கங்களில் ஆர்வமுள்ளவனும், தன் டெல் வாஸ் கோபுரத்தையே பேரரசின் கோட்டைக் கட்டடத்தோடு கலந்து கட்டியவனுமான ஆர்யோன், தானே தூண்டிவிட்ட கொலைக்குப் பிறகு தலைவனிடம் எந்தக் கூலியைக் கேட்பான்? மூல விளையாட்டு இவற்றுக்கு ஏறத்தாழ எதையுமே சொல்வதில்லை. சாட்ரித் மோராவின் கவுன்சில் மாளிகையில் ஒவ்வொரு பெருந்தலையின் சார்பாகவும் அமர்ந்திருக்கும் "வாய்கள்" ஐவருக்கும் ஆளுக்கு நான்கு புதிய வரிகள் எழுதினாலே, நாற்பது குவெஸ்ட்களைவிட உங்கள் மாட் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. அசல் பாத்திரங்களின் பதிவை (விளையாட்டுக் கோப்பில் அவர்களைப் பற்றி உள்ள தரவை) திருத்தாதீர்கள். ஆர்யோனின் இடுப்புப் பையில் ஒரு சாவியைப் போட நீங்கள் அவன் பதிவைத் திறந்து சேமித்தால், அவனைத் தொட்ட வேறெந்த மாட்டும் உங்களுடையதோடு மோதும். கடைசியாக ஏற்றப்படுவது மட்டுமே நிற்கும். சாவியை ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வழியாகக் கொடுங்கள்.

கேள்வி: கோபுரங்களுக்குப் படிக்கட்டு வைக்கலாமா? புதிய ஆட்டக்காரர்கள் மேலே ஏற முடியாமல் தவிக்கிறார்கள்.

பதில்: வைக்கக் கூடாது. பறக்கத் தெரியாதவன் தன்னைப் பார்க்கத் தகுதியற்றவன் என்று கருதும் மந்திரவாதியின் வீடு அது. வாசலுக்கு அருகில், குடித்தவரை மிதக்கவைக்கும் மருந்து விற்கும் ஒரு வணிகரை வையுங்கள். விலையைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

கேள்வி: நான் எழுதிய வரியை ஒரு பாத்திரம் பேச மறுக்கிறது. இன்னொரு வரியையோ ஊரே பேசுகிறது. ஏன்?

பதில்: இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் பதில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். விளையாட்டு மேலிருந்து கீழே வந்து, நிபந்தனைகள் பொருந்தும் முதல் பதிலைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே எவ்வளவு அழகான வரி இருந்தாலும் எட்டிப் பார்க்காது. எனவே குறுகிய நிபந்தனையுள்ள வரி மேலேயும், பொதுவான வரி கீழேயும் இருக்க வேண்டும். "பேசுபவர் டெல்வானி" என்ற ஒரே நிபந்தனையோடு ஒரு வரியை உச்சியில் வைத்தால், கீழே உள்ள அத்தனை டெல்வானி வரிகளையும் அது விழுங்கிவிடும். நீங்கள் சொல்லும் "ஊரே பேசுகிறது" என்பது அதுதான்.

பேசுபவரின் பெயர், குலம், படிநிலை, இடம் ஆகியவற்றுக்கு மேல் இன்னும் ஆறு நிபந்தனைகள் வரை சேர்க்க இடமுண்டு. அவற்றில் ஒன்றை எப்போதும் ஜர்னல் எண்ணுக்கு (குவெஸ்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்ணுக்கு) ஒதுக்குங்கள். அந்த எண்களையும் 1, 2, 3 என்று நெருக்கமாகப் போடாமல் 10, 20, 30 என்று இடைவெளி விட்டுப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து நடுவில் ஒரு கட்டத்தைச் செருக வேண்டிவரும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

கேள்வி: எங்கள் மாட் மற்ற மாட்களோடு ஒத்துப்போகுமா?

பதில்: அசல் பதிவுகளைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். முதல் பதிலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

கேள்வி: டெல்வானியில் சேர்ந்த ஆட்டக்காரர் ஆர்ச்மாஜிஸ்டர் ஆனதும் அடிமை முறையை ஒழிக்கும் வாய்ப்பைக் கொடுக்க விரும்புகிறோம். குழுவில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: கொடுங்கள், ஆனால் ஒரு பொத்தானாகக் கொடுக்காதீர்கள். டெல் ஆருனில் அடிமைச் சந்தையே நடக்கிறது. அபேபால் முட்டைச் சுரங்கத்தில் கிளர்ச்சி செய்யும் அடிமைகளை அடக்கும்படி இதே குலம் உங்களை அனுப்புகிறது. அடிமைகளைத் தப்புவிக்கும் இரட்டை விளக்கு இயக்கமோ மறைவாகத்தான் இயங்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தலைவன் ஒரு வாக்கியம் சொன்னதும் விலங்குகள் கழன்று விழுந்தால், அந்த விலங்குகளுக்கு அதுவரை எடையே இல்லை என்று ஆகிவிடும்.

கேள்வி: எதிர்க்கும் பாதியில் நானும் ஒருவன். டெல்வானி மந்திரவாதிகள் சுயநலக்காரர்கள். அவர்கள் அடிமைகளை விடுவிப்பது கதைக்களத்துக்கே முரண் அல்லவா?

பதில்: முரண் என்று சொல்ல மாட்டேன். இதே தொடரில் 2006-இல் வந்த அடுத்த விளையாட்டான ஒப்லிவியனில், மன்னன் ஹெல்செத் மாரோவிண்டில் அடிமை முறையைத் தடைசெய்துவிட்டான் என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள். கதையின் காலக்கணக்கில் இரு விளையாட்டுகளுக்கும் இடையே ஆறே ஆண்டுகள். ஆகவே மாற்றம் வரத்தான் போகிறது. அது வரும்போது டெல்வானிகள் எங்கே நிற்பார்கள் என்பது திறந்தே கிடக்கும் கேள்வி, அதிலிருந்து நல்ல குவெஸ்ட் பிறக்கும். நீங்கள் சொல்லும் சுயநலம்தான் இங்கே உங்களுக்குக் கருவி. ஆர்யோன் அறத்துக்காக ஒப்புக்கொள்ள மாட்டான். பேரரசோடு வணிகம் செழிக்கும் என்றால் ஒப்புக்கொள்ளக்கூடும். தெரானா தன் அடிமைகளை இழந்ததையே கவனிக்காமல் போகலாம், அல்லது ஒரு கோபக் கணத்தில் அவர்கள் அனைவரையும் எரித்துவிடலாம். விடுதலைக்கு முயன்ற ஆட்டக்காரர் அந்தச் சாவுகளைச் சுமந்துகொண்டு சாட்ரித் மோராவுக்குத் திரும்புவதாக எழுத உங்களுக்குத் துணிச்சல் இருந்தால், மாட்டின் மையமே அதுதான்.

கேள்வி: முதலில் கேட்டவன் நான். அப்படியானால் விடுதலை முழுமையாக நடக்கவே கூடாதா? ஆட்டக்காரரின் சுதந்திரம் என்னாவது?

பதில்: சுதந்திரம் என்பது முயல்வதற்கானது, நினைத்ததெல்லாம் நடக்கும் என்ற உறுதிமொழி அதில் அடங்காது. ஒரு கோபுரத்தில் நடக்கட்டும், இன்னொன்றில் தோற்கட்டும். குலங்களுக்கிடையேயான உறவு மதிப்புகளை ஸ்கிரிப்ட் மூலம் மாற்ற முடியும் என்பதால், உங்கள் முடிவுக்குப் பிறகு உறவைக் கெடுத்துக்கொண்ட தரப்பினர் முன்னைவிடக் குறைந்த மதிப்போடு உங்களை வரவேற்கும்படியும் செய்யலாம். இந்த விவாதத்தில் இன்னும் நான்கு கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் புதிய வாதம் ஏதும் இல்லாததால் இத்துடன் விடுகிறேன்.

கேள்வி: கவுன்சில் உறுப்பினர் நெலோத் சாகக் கூடாது என்று பூட்டிவிடலாமா? ஸ்கைரிம் விளையாட்டுக்கு 2012-இல் வந்த டிராகன்பார்ன் விரிவாக்கத்தில் அவர் உயிரோடு இருக்கிறாரே?

பதில்: வேண்டாம். மாரோவிண்ட் அவரைக் கொல்ல அனுமதிக்கிறது, பத்தாண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சிக்காக அந்தக் கதவை அடைக்காதீர்கள். அவர் இறந்திருக்கிறாரா என்று உங்கள் குவெஸ்ட் சோதித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அந்த விளையாட்டில் உள்ள அவருடைய கோபுரத்தின் மாடல்களை எடுத்து இதில் போடலாமா?

பதில்: கூடாது. ஒரு விளையாட்டின் கோப்புகளை இன்னொன்றுக்கு மாற்ற, இவற்றை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் அனுமதிப்பதில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பழைய நடிகர்களின் குரலைப் பிரதியெடுத்துப் புதிய வரிகளுக்குக் குரல் கொடுக்கலாமா?

பதில்: அந்த நடிகர்களைக் கேட்டீர்களா? மாரோவிண்டில் வாழ்த்தும் அலறலும் தவிர மற்றவை பெரும்பாலும் எழுத்துதான். இந்த விளையாட்டுக்கு மாட் எழுதுவதன் பெரிய வசதியே அது. அதை ஏன் கைவிடுகிறீர்கள்?

கேள்வி: அண்ணா, உரையாடல்களைத் தமிழில் தர முடியுமா?

பதில்: எனக்கும் ஆசைதான். மூல விளையாட்டு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறியாக்கத்தில் இயங்குகிறது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள், சிரிலிக் போன்றவற்றுக்கு அது போதும். கொம்பும் காலும் முன்னும் பின்னும் ஒட்டும் நம் எழுத்துக்கு அது போதாது. மாட்டோடு தமிழில் ஒரு தனிக் கையேடு எழுதிச் சேருங்கள்.

கேள்வி: வேறு மாட்களோடு மோதல் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: இது மூன்றாவது முறை. அசல் பதிவைத் தொடாதீர்கள். புதிதாக உருவாக்கும் ஒவ்வொன்றின் அடையாளப் பெயருக்கும் உங்கள் குழுவுக்கே உரிய முன்னொட்டு ஒன்றைச் சேருங்கள். மொத்தம் 31 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் முன்னொட்டு சிறியதாக இருக்கட்டும். விளையாட்டின் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; நிலத்தைத் திருத்தினால் அந்தக் கட்டத்தின் நிலப்பதிவு முழுவதும் உங்களுடையதாகிவிடும், அண்டைக் கட்டத்தை வேறொரு மாட் திருத்தியிருந்தால் எல்லையில் நிலம் கிழிந்து தொங்கும். வெளியிடும் முன் டெஸ்3சிஎம்டி கருவியால் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையேல் டிரிபியூனல், பிளட்மூன் விரிவாக்கங்களுக்குரிய 72 அமைப்பு மதிப்புகள், நீங்கள் கேட்காமலே உங்கள் கோப்பில் புகுந்திருக்கக்கூடும்.

கேள்வி: டிவைத் ஃபைரைக் காதலிக்கும் குவெஸ்ட் வேண்டும்.

பதில்: அவர் டெல்வானியாக இருந்தாலும் கவுன்சிலில் இல்லை, இந்தத் திட்டத்துக்கு வெளியே.

கேள்வி: முதல் பதிப்பை வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

பதில்: புதிய ஆட்டத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவதுதான் எல்லாரும் செய்வது. மூன்று பழைய சேமிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏற்கெனவே ஆர்ச்மாஜிஸ்டர் ஆனவர், இன்னொருவர் குலத்தில் சேரும் முன்பே நெலோத்தைக் கொன்றவர், மூன்றாமவர் வேறொரு குலமான ரெடோரனைச் சேர்ந்தவர். மூவரையும் கவுன்சில் மாளிகைக்கு அழைத்துச் சென்று ஐந்து வாய்களிடமும் பேசவையுங்கள். ரெடோரன்காரரிடம் ஒரு வாயாவது "என் தலைவரே" என்று சொன்னால், உச்சியில் ஏதோ ஒரு பொதுவான வரி நின்றுகொண்டிருக்கிறது. அதைக் கீழே இறக்குங்கள்.