லிங்கன் டவுன் கார் மாதிரியான பெரிய அமெரிக்கக் கார்கள் ஏன் நின்றுபோயின? இன்னும் யாராவது அவற்றை விரும்பி வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள், நானே ஒருவன். உங்கள் கேள்வியைப் பார்த்தால், ஏதோ ஒரு தாத்தா வீட்டு வாசலில் மலிவாக ஒன்று விலைக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் திட்டு விழுமோ என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. விழும்.

நான் இருப்பது மிச்சிகன். என் வண்டி 2003 டவுன் கார். கணவரை இழந்த ஒரு பாட்டியிடம் வாங்கினேன். ஆயில் மாற்றிய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் யாருக்கும் வண்டி வேண்டாமாம்.

நம் ஊர் நண்பர்கள் பார்த்ததும் கேட்டது, "ஏர்போர்ட் டாக்சி ஓட்டப் போறியா?" என்றுதான். எல்லாரும் ஜெர்மன் கார்க்காரர்கள். பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்புக்குத் தெரியும், அதற்குப் பெயர் 'ரோடு ஃபீல்'. பனிக்காலம் முடிந்த மிச்சிகன் ரோட்டை ஃபீல் பண்ணி என்ன ஆகப்போகிறது? என் வண்டியில் முன்னாலும் பெஞ்சு சீட், கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும், ஆறு பேர் உட்காரலாம். ஓட்டுநர் கதவின் வெளிப்பக்கம் எண் பொத்தான்கள் உண்டு, ரகசிய எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம்.

"பெட்ரோல் குடிக்குமே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: 4.6 லிட்டர் வி8, குடிக்கத்தான் செய்யும். உங்கள் வாசலில் நிற்கும் மூன்று வரிசை எஸ்யூவி மோரா குடிக்கிறது?

கதையே அங்கேதான் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் மைலேஜ் சட்டம் வந்தது. 90களின் பிற்பாதியில் ஒரு கம்பெனி விற்கும் கார்களுக்குச் சராசரியாக ஒரு கேலன் பெட்ரோலுக்கு 27.5 மைல் வேண்டும். பிக்கப் மாதிரியான இலகு லாரி வகைக்கு 20.7 போதும். எஸ்யூவி லாரிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 1996இல் இன்னொரு பெரிய காரான காடிலாக் ஃப்ளீட்வுட் நின்றதும், அது தயாரான டெக்சஸ் ஆர்லிங்டன் ஆலை பெரிய எஸ்யூவிகளுக்குப் போனது. லிங்கனே 1998 மாடலாக நேவிகேட்டர் எஸ்யூவியை இறக்கியது. ஆக, அமெரிக்கர்கள் பெரிய வண்டியை விட்டுவிடவில்லை, உயரமான பெரிய வண்டிக்கு மாறினார்கள். எல்லாப் பழியும் சட்டத்துக்கே என்று நான் சொல்லவில்லை. எஸ்யூவியில் லாபமும் கொழுத்தது, பழைய வாடிக்கையாளர்களுக்கும் வயதாகிவிட்டது. டவுன் கார் கடைசிக் காலத்தில் லிமோசின் கம்பெனிகளை நம்பித்தான் ஓடியது. 2011இல் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையோடு அதுவும் முடிந்தது. அப்புறம் வந்த பெரிய கார்களான லிங்கன் கான்டினென்டலும் காடிலாக் சிடி6உம் இங்கே 2020ஐத் தாண்டவில்லை.

ரசிகர்கள் இருக்கிறார்கள். இங்கே ஹிக்கரி கார்னர்ஸில், கில்மோர் அருங்காட்சியக வளாகத்தில் லிங்கனுக்கும் காடிலாக்குக்கும் தனித்தனிக் கட்டடமே உண்டு. கூட்டம் கூடும் நாளில் போனால் நரைக்காத தலையைத் தேட வேண்டும்.

சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கிண்டல் பண்ணும் அதே ஆட்கள், எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா என்றால் முந்தின நாளே போன் பண்ணுவார்கள். சாம்பார் அண்டா, ஒலிபெருக்கி, கோலாட்டக் குச்சி மூட்டை எல்லாம் என் டிக்கியில்தான் போக வேண்டும். சாம்பார் சிந்தினால் துடைப்பதும் நான்தான். நன்றியுரையில் பேனர் அடித்தவர் பெயர் வரும், மைக் பிடித்தவர் பெயர் வரும், என் பெயர் இதுவரை வந்ததில்லை. சரி, போகட்டும்.

வாங்குவதென்றால் ரோட்டில் உப்புப் போடாத தெற்கு மாநில வண்டியாகப் பாருங்கள். அடியில் படுத்து, சேஸிஸில் துரு ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைத் தாங்குவது கம்பிச் சுருள் இல்லை, காற்றடைத்த பை. அதனால் காலையில், விற்கிறவர்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போய்விடுங்கள். ராத்திரியோடு பின்பக்கம் தரையைப் பார்த்து இறங்கியிருந்தால் அந்தப் பை கசிகிறது. வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.