தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மனம் அமைதியாகும் என்கிறார்களே, உண்மையா?

"தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்வதும், அவற்றின் மேலேயே படுத்துத் தூங்குவதும் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்கிறார்கள். உண்மையா? ஆபத்து இல்லையா?" இதுதான் கேள்வி.

நான் சில பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்க்கிறேன். மனசுக்கு நல்லது என்பதைத் தயங்காமல் சொல்வேன். நோயைக் குணமாக்கும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபத்து உண்டு, ஆனால் உட்காரும் இடத்தையும் விதத்தையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் பெருமளவு குறையும்.

இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன நாடு ஸ்லோவேனியா. பெட்டிகளைத் தோட்டத்தில் தனித்தனியாக வைக்காமல், சின்ன மரவீடு ஒன்றின் சுவரில் அடுக்கி வைப்பது அங்கே பழைய வழக்கம். தேனீ போய்வரும் வாசல் வெளிப்பக்கம் இருக்கும், பெட்டியைத் திறக்கும் கதவு வீட்டுக்குள் இருக்கும். அதனால் உள்ளே ஒருவர் படுத்திருந்தாலும் தேனீக்களின் பாதையில் குறுக்கே வருவதில்லை. சத்தமும் வாசனையும் மட்டும்தான் அவரிடம் வந்து சேரும். உக்ரைனில் பெட்டிகளுக்கு மேலேயே பலகைக் கட்டில் போட்டுப் படுக்க விடுகிறார்கள். இரண்டிலும் தேனீயும் ஆளும் நேருக்கு நேர் சந்திக்காதபடி தடுப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுத் திறந்த கூட்டுக்கு முன்னால் பாய் விரிக்க நினைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

எனக்குப் பிடித்தது வெளியே, பெட்டிக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வாசலைப் பார்ப்பது. முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் போனால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். பின்னங்கால் இரண்டிலும் மகரந்த உருண்டையைச் சுமந்து வரும் தேனீ பலகையில் தொப்பென்று இறங்கும். ஒன்றின் காலில் ஆரஞ்சு நிறம், அடுத்ததன் காலில் வெளிர் மஞ்சள். இரண்டும் வேறு வேறு பூவுக்குப் போய் வந்தவை. காவல் தேனீ ஓடி வந்து உணர்கொம்பால் தடவி, நம்ம வீட்டு வாசனைதானா என்று பார்த்துவிட்டு உள்ளே விடும். ஓரமாகச் சில தேனீக்கள் தலையைத் தாழ்த்தி, கால்களை அழுத்தி ஊன்றி, இடத்தைவிட்டு நகராமல் சிறகை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். கூட்டுக்குள் காற்றோட்டம் அவற்றின் வேலை. புழு வளரும் அடைப்பகுதி 34, 35 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், புதுத் தேனிலிருந்து தண்ணீரும் வற்ற வேண்டும். பூக்காலத்து மாலையில் அந்த விசிறலோடு மெழுகும் தேனும் பிசினும் கலந்த ஒரு வெதுவெதுப்பான மணம் வரும். அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

வெயில் நன்றாக இருக்கும் மதியத்துக்கு மேல் இன்னொன்றும் நடக்கும். வாசலுக்கு முன்னால் திடீரென்று ஒரு கூட்டம் சுழலும். புதிதாகப் பார்ப்பவர்கள் தேனீ கிளம்பிவிட்டதோ, கொட்ட வருகிறதோ என்று பயந்துவிடுவார்கள். உண்மையில் அவை இப்போதுதான் பறக்கத் தொடங்கும் இளந்தேனீக்கள். முகத்தைக் கூட்டின் பக்கம் வைத்துக்கொண்டே இடமும் வலமுமாக அரைவட்டம் போட்டுப் பின்னோக்கி நகரும். திரும்பி வர வேண்டுமே, அதற்காக வீட்டின் அடையாளத்தைப் படிக்கின்றன. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். இதைப் பார்க்க நேர்ந்தால் எழுந்து போய்விடாதீர்கள்.

சரி, இதில் மனம் ஏன் அடங்குகிறது? கூட்டின் அதிர்வு உடம்பின் செல்களைச் சரிசெய்கிறது என்று சிலர் விளக்குவதை நான் நம்பவில்லை. பறக்கும் தேனீ நொடிக்குச் சுமார் 230 முறை சிறகடிக்கிறது. அப்படிப் பலநூறு தேனீக்கள் சேர்ந்து எழுப்பும் ரீங்காரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வருவதால் காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம், அங்கே நாம் நடந்துகொள்ளும் விதம் என்று நினைக்கிறேன். கையை வீசக்கூடாது, சட்டென்று எழக்கூடாது, கூட்டின் மேல் மூச்சை விடக்கூடாது. இப்படி இருந்தால் மூச்சு தானாக நிதானமாகும். பார்க்கவும் ஓயாமல் ஏதாவது இருப்பதால் கை போனைத் தேடுவதில்லை. தியானம் செய்யச் சொன்னால் ஐந்து நிமிடம் தாங்காதவர்கள்கூட வாசலைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கூட்டுக் காற்றைக் குழாய் வழியாக மூச்சிழுக்கும் சிகிச்சை வேறு விஷயம். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. அந்தக் காற்றில் மகரந்தமும் கலந்திருக்கலாம். தேனீயைக் கொட்ட விடும் சிகிச்சையை இதோடு சேர்க்கவே வேண்டாம். ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் அதைச் செய்துவந்த ஒரு பெண், கடுமையான ஒவ்வாமை வந்து இறந்ததை மருத்துவர்கள் 2018இல் பதிவு செய்திருக்கிறார்கள். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் ஆகாது.

உட்காருவதாக இருந்தால் வளர்ப்பவரிடம் கேட்டு, சாதுவான பெட்டி எது என்று தெரிந்துகொண்டு போங்கள். வாசலுக்கு நேர் எதிரே மட்டும் உட்கார வேண்டாம். வெளிர் நிற உடை நல்லது. சென்ட் வேண்டாம். மேகமூட்டம், மழைக்கு முந்தைய புழுக்கம், தேன் எடுத்த நாள், பூக்கள் ஓய்ந்த காலம் இவற்றில் தேனீக்கள் சிடுசிடுப்பாக இருக்கும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தேனீ உங்கள் முகத்தை முட்டுவதுபோல் திரும்பத் திரும்ப வந்தால் அது எச்சரிக்கை. மெதுவாக எழுந்து தள்ளிப் போங்கள். பயம் விடாதவர்களுக்குக் கொசுத்தேனீ நல்ல தொடக்கம், அதற்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. மரத்திலும் கட்டிடத்திலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ கூட்டுக்கு அருகில் ஓய்வு என்ற பேச்சே வேண்டாம். கலைந்தால் வெகுதூரம் துரத்தும்.

அப்புறம், கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்க வேண்டாம், சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்தில் வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை இருக்கும், அது மற்ற தேனீக்களைக் கூப்பிடும். எனவே அங்கிருந்து விலகிவிடுங்கள். கொட்டிய இடம் வீங்குவது வழக்கம்தான். உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சுத்திணறல், தலைசுற்றல் என்று வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேனீ ஒவ்வாமை இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.