காகித இழுவிசையும் காப்புரிமை மேல்முறையீடும்: கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு எதிராகக் காட்டப்பட்ட பழைய காப்புரிமை ஆவணத்தில், காகித இழுவிசையை அளக்கும் லோட் செல், அச்சு இயந்திரத்துக்குள் காகிதத்தைச் செலுத்தும் இன்ஃபீட் ரோலரை அடுத்து இருக்கிறது. எங்கள் விண்ணப்பத்தில் கடைசி அச்சு யூனிட்டுக்குப் பிறகு. "இடமாற்றம் துறை அறிந்த எவருக்கும் தோன்றுவதே" என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் என்ன வாதிடலாம், சார்?

பதில்: இடம் மாறியதால் காகிதத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுங்கள். "கட்டுப்பாடு மேம்படுகிறது" என்பது வாதமே ஆகாது. ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு யூனிட்டிலும் காகிதம், அச்சுத் தகட்டை ஈரமாக்கும் டாம்பனிங் நீரை உறிஞ்சுகிறது. விறைப்பு குறைந்து நீளம் சற்றுக் கூடுகிறது. ரோலர் வேகங்கள் மாறாததால் இழுவிசை விழுகிறது. இன்ஃபீட் லோட் செல்லுக்கு இது தெரியாது. அங்கே அளவு சரியாக இருக்கும், காகிதத்தை மடிக்கும் ஃபோல்டர் பக்கம் காகிதம் தொய்ந்து ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகும்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். தொலைவிலுள்ள லோட் செல்லை நேராக இன்ஃபீட் மோட்டாருடன் இணைத்தால் தாமதம் வரும். பாதை 15 மீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் திருத்தத்தின் விளைவு அங்கே போய்ச்சேரவே 1.5 நொடி. கெயினை (பிழைக்கு ஏற்பத் திருத்தும் அளவை) கூட்டினால் இழுவிசை ஊசலாடும், காகிதம் அறும். இன்ஃபீட்டில் வேகமான கட்டுப்பாட்டுச் சுற்று (அளந்து திருத்தும் அமைப்பு), அதன் இலக்கு மதிப்பை மெல்லத் திருத்தும் வெளிச்சுற்று என்று இரண்டும் இருந்தால்தான் ஓடும். வெறும் இடமாற்றம் அல்ல என்பதற்கு இதுவே பலமான வாதம். ஆனால் இரட்டைச் சுற்று, பாதுகாப்பின் எல்லையைச் சொல்லும் உரிமைக்கோரலிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: அது விளக்கவுரையில்தான் இருக்கிறது. இப்போது சேர்க்கலாமா?

பதில்: ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் பிரிவு 123(2)-இன்படி, முதலில் தாக்கல் செய்த ஆவணத்திலிருந்து நேரடியாக, ஐயமின்றிக் கிடைப்பதை மட்டுமே சேர்க்கலாம். வரைபடத்தில் இரண்டு சுற்றுகளும் தெளிவாக இருந்தால் நல்லது. திருத்தத்தை மேல்முறையீட்டுக் காரண அறிக்கையோடே கொடுங்கள். அப்போதும் ஏற்பது மேல்முறையீட்டு வாரியத்தின் விருப்புரிமை. 2020-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காரண அறிக்கைக்குப் பிறகு கொடுக்கும் திருத்தங்களை ஏற்கவைப்பது இன்னும் கடினம்.

கேள்வி: கால அவகாசம்?

பதில்: முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 2 மாதத்துக்குள் மேல்முறையீட்டு மனுவும் கட்டணமும், 4 மாதத்துக்குள் காரண அறிக்கை. கட்டணம் செலுத்தாவிட்டால் மனு தாக்கலானதாகவே கருதப்படாது.

கேள்வி: "ட்ரா 0.1%" என்று, ரோலர்களுக்கு இடையிலான வேக வித்தியாசத்தை எண் போட்டுக் கோரலாமா?

பதில்: எந்தக் காகிதம் என்று சொல்லாமல் போடாதீர்கள். மாடுலஸ் (காகிதத்தின் விறைப்பைக் காட்டும் அளவு) 3 கிகாபாஸ்கல், தடிமன் 0.07 மி.மீ. என்றால் 0.1% ட்ரா ஒரு மீட்டர் அகலத்துக்கு 210 நியூட்டன் கூட்டும். ஈரத்தால் மாடுலஸ் பாதியானால் அதே ட்ரா 105 நியூட்டன்தான். ஒரே எண்ணுக்கு இரண்டு விளைவு இருந்தால், கோரல் முழுவதிலும் பலன் கிடைக்கவில்லை என்பார்கள். அளந்த இழுவிசையை வைத்தே கோருவது பாதுகாப்பு.