மோனார்க்: போன பட்டாம்பூச்சி திரும்பி வருமா?

மெக்சிகோ போன அதே மோனார்க் பட்டாம்பூச்சிதான் கனடாவுக்குத் திரும்பி வருகிறதா?

இல்லை. கோடையில் பிறப்பவை நாலைந்து வாரத்தில் முட்டையிட்டு முடிந்துபோகும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கூட்டை உடைத்து வருவது வேறு ரகம். இணை சேர்வதைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் வரை வாழும். அரை கிராம் எடைதான்; 4,000 கி.மீ. வரை பறந்து நவம்பர் தொடக்கத்தில் மிச்சோவகான் மலைக்காடுகளை எட்டிவிடும். மார்ச்சில் வடக்கே கிளம்பி, டெக்சாஸ் பக்கம் முட்டை வைப்பதோடு அதன் கதை சரி. மேலே கனடாவரை போவது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அடுத்த முறை மெக்சிகோவுக்குக் கிளம்புகிற கொள்ளுப்பேத்தி அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

பார்க்காத இடத்துக்கு வழி எப்படித் தெரியும்?

சூரியனை வைத்து. ஆனால் சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கிறதே? அதனால் மணி தெரிய வேண்டும். அந்தக் கடிகாரம் உணர்கொம்பில் இருக்கிறது. 2009இல் ஆய்வாளர்கள் சில பட்டாம்பூச்சிகளின் உணர்கொம்பில் வெளிச்சம் புகாதபடி கறுப்புச் சாயம் பூசினார்கள். அவை திசை தவறின. நிறமற்ற பூச்சு பூசியவை ஒழுங்காகத் தென்மேற்கே பறந்தன.

அந்தக் காட்டைக் கண்டுபிடித்தது யார்?

‘கண்டுபிடித்தது’ என்ற சொல்லே எனக்கு உறுத்தும். இறந்தவர்களின் ஆன்மாக்கள் நவம்பரில் பட்டாம்பூச்சிகளாய்த் திரும்பி வருவதாக அங்குள்ளவர்கள் காலங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். வெளியுலகம் அறிந்தது 1975 ஜனவரியில்தான். கனடாவின் ஃபிரெட் அர்குஹார்ட், சிறகில் சீட்டு ஒட்டிப் பல்லாண்டுகள் தேடியவர். அவருக்காகக் கென் பிரகரும் கத்தலினா அகுவாடோவும் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். மறு ஆண்டு அர்குஹார்ட்டே மலையேறினார். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, பட்டாம்பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. அந்தக் குவியலில் மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட ஒன்று கிடந்தது!

குளிரில் ஏன் போய்த் தங்க வேண்டும்?

குளிரில்தான் சேமித்த கொழுப்பு மெதுவாகக் கரையும். உறைந்துபோகாமல் காப்பது ஒயாமெல் என்ற ஊசியிலை மரங்கள். மரம் போனால் போர்வை போன மாதிரி. அங்கே எண்ணிக்கையை, பட்டாம்பூச்சிகள் மொய்த்திருக்கும் காட்டின் பரப்பாக, ஹெக்டேரில் அளக்கிறார்கள்: 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18, 2023-24இல் 0.9.

ஹூஸ்டனில் இருக்கிறேன். மோனார்க் புழுக்கள் தின்னும் மில்க்வீட் செடியில், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வகையை வைத்தேன். வெட்டச் சொல்கிறார்களே?

அக்டோபரில் அரையடி விட்டு வெட்டிவிடுங்கள். அது வெப்பமண்டல வகை. உங்கள் ஊர்க் குளிரில் பட்டுப்போகாவிட்டால், பட்டாம்பூச்சி பயணத்தை மறந்து அங்கேயே முட்டையிடும். இலையில் ஒட்டுண்ணியும் சேர்ந்துகொண்டே போகும். அடுத்து நடுவதாயிருந்தால் டெக்சாஸ் மண்ணின் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கோவையில் எருக்கஞ்செடியில் மோனார்க் பார்த்தேன். சரிதானே?

அது வெந்தய வரியன், மோனார்க்கின் நெருங்கிய உறவு. மோனார்க்கின் சிறகில் நரம்பெல்லாம் மை தீட்டியதுபோல் கறுப்பாக ஓடும். இதற்கு அப்படி இருக்காது. உறவுக்காரர்களில் நீல வரியன்களும் பயணம் போகிறவைதாம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, அக்டோபர் வாக்கில் திரும்பும். அந்த மாதத்தில் காலை வெயிலில் மொட்டைமாடியில் நில்லுங்கள். எல்லாம் மேற்கே பார்த்துப் போகும்.