வயிற்றில் அழகு அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரமாகிறது, தையல் ஆறிவிட்டது. ஜிம்முக்குப் போகலாமா?

உங்களுக்கும் வீட்டில் தூக்கச் சொல்லி அழும் குழந்தையும், கூடமாட உதவிக்கு ஆள் இல்லாத நிலையும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிரசவத்துக்குப் பின் டம்மி டக், அதாவது தொங்கிய வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் அறுவை, செய்துகொண்ட பாளையங்கோட்டைக்காரி, அவ்வளவுதான்.

மேலே தெரியும் தழும்பை நம்பாதீர்கள். கர்ப்பத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகள் இரண்டையும் நடுவில் இழுத்துச் சேர்த்து உள்ளே தைத்திருந்தால், தோல் மூடிய பிறகும் அந்தத் தையல் இறுக நாளாகும். காயம்பட்ட திசு மூன்று மாதமானாலும் பழைய வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

காலில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்று என்னை மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். எங்கள் ஆச்சி கம்பூன்றி நடப்பதைப் போலக் கூனிக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தேன். மூன்றாம் வாரக் கடைசியில் நிமிர்ந்து, விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்று வந்தேன். அந்தத் தைரியம்தான் கெடுத்தது. நான்காம் வாரம், குழாயில் தண்ணீர் வந்த ஒரு காலையில், நிறைகுடத்தை எடுத்து இடுப்பில் வைத்துவிட்டேன். நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். குடமோ பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஆனால் அடுக்களை வேலையை யார் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இரண்டு நாள் கழித்து, அறுவைக்குப் பின் வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றியபோது தொப்புளுக்குக் கீழே தண்ணீர்ப் பையைத் தொட்டாற்போலத் தளும்பியது. அவ்விடம் மரத்திருந்ததால் வலியே இல்லை. மருத்துவர் ஊசி போட்டு உறிஞ்சியபோது வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. அறுத்த இடத்தில் தோலுக்கடியில் இப்படி நீர் சேர்வதற்குச் செரோமா என்று பெயர் என்றார். குடத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, தானாகவும் வரக்கூடியது என்றும் சொன்னார். இருந்தாலும் மூன்று முறை உறிஞ்சிய பிறகு நான் குடத்தின் பக்கமே போகவில்லை.

தூக்கியது வீம்பில்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிசேரியன் என்றால் பத்தியம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அதே வீட்டில், "அழகுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்டவளுக்கு ஓய்வு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று மதினி என் காதுபடச் சொன்னார். பணமும் என் சேமிப்பு. அழகு அறுவைக்குக் காப்பீட்டில் ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. கத்திக்கு அழகு வேறு, நோய் வேறு என்று தெரியுமா?

பிறகு எட்டாம் வாரத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நிலைச் சைக்கிளில் ஏறினேன். பயிற்சியாளர் தம்பி அன்றே க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி வயிற்றை மடக்கும் பயிற்சி) செய்யச் சொன்னார், மறுத்துவிட்டேன். முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் தொடங்கியது நான்காம் மாதம், அதுவும் பத்து நொடி. அன்று மாலை வயிறு வழக்கத்தைவிட வீங்கினால் மறுநாள் குறைத்துக்கொள்வேன்.

தசையையும் சேர்த்துத் தைத்தார்களா, தோலை மட்டும் எடுத்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். நடையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் வாரக் கணக்கு அந்தப் பதிலைப் பொறுத்தது.