மடக்குக் கத்தி எங்கே வாங்கலாம்? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரும்புச் சாமான் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே என் காலம் போய்விட்டது. மடக்குக் கத்தி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி வேலைக்கு. பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு அல்ல.

தாப்பா வாசகர்: அண்ணே, எங்கள் தாத்தா வைத்திருந்த மாதிரி தரமான பேனாக்கத்தி இப்போது நம் ஊர்க் கடைகளில் கிடைக்குமா? எங்கே கேட்டாலும் சாவிக்கொத்தில் மாட்டுகிற ஐந்து ரிங்கிட் கத்தியைத்தான் காட்டுகிறார்கள்.

கிடைக்கும் தம்பி. ஆனால் வாசலில் அட்டையோடு தொங்காது. பழைய கடைவரிசையில் சீனர் நடத்தும் இரும்புக் கடைக்குப் போங்கள். கவுண்டருக்குப் பின்னால் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி இருக்கும். வெறுமனே 'பிசாவ் லிப்பாட் (மலாயில் மடக்குக் கத்தி) இருக்கிறதா' என்று கேட்டால் மலிவானதைத்தான் எடுத்துப் போடுவார்கள். என்ன வேலைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், அலமாரி திறக்கும்.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு இடம் உரக்கடை. நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்கள் வாங்கும் ஒட்டுக்கத்தி அங்கேதான் விற்கும். அதுவும் மடக்குக் கத்திதான். கன்றின் பட்டையைக் கீறி, இதழ் மாதிரித் தூக்கி, உள்ளே மொட்டை நுழைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டை நசுங்கினால் ஒட்டு பிடிக்காது. அதனால் மழுங்கல் கத்தியை அந்தத் தொழில் ஏற்காது. மட்டமான இரும்பை விற்றால் நாற்றங்கால்காரர் மறுநாள் காலையே கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போவார். ஜெர்மனியின் டீனா, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இரண்டுமே ஒட்டுக்கத்தி செய்கின்றன. சிலவற்றில் பட்டையைத் தூக்கப் பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு நாக்கு இருக்கும். இடக்கைக்காரர்கள் கவனிக்க வேண்டும்: இந்த ரகத்தில் பல கத்திகள் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும், அதுவும் வலக்கைக்கு.

கத்தி கையில் வந்ததும் அவசரப்படாதீர்கள். மெதுவாகத் திறங்கள். பாதியில் தளர்ந்து, கடைசியில் 'டக்' என்று உட்கார வேண்டும். திறந்த அலகை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கடை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். அலகை இழுத்துப் பிடிக்கும் முதுகு வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அது அவசர வேலை. மூடும்போது அலகு தகட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசியிருந்தால் அலகின் பக்கத்தில் மெல்லிய கீறல் இருக்கும். கூர்மையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கூர்மையை நாம் ஏற்றிக்கொள்ளலாம், ஆட்டத்தை நிறுத்த முடியாது.

பீடோர் வாசகர்: எந்த பிராண்ட் நல்லது?

ஒரே பிராண்டைச் சொல்ல மாட்டேன். விக்டோரினாக்ஸ் 1884-ல் தொடங்கிய பட்டறை, 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள். எங்கே வாங்கினாலும் ஏமாற்றாது, போலியாக இல்லாத வரை. பெரிய அலகின் அடியில் பெயர் முத்திரை தெளிவாக இருக்கிறதா பாருங்கள். பிரான்சின் ஒப்பினெல் 1890-ல் வந்தது. மரப்பிடி, ஒற்றை அலகு, கழுத்தில் திருகு வளையம். அந்தப் பூட்டு வளையம் 1955-ல்தான் சேர்ந்தது. ஜப்பானின் ஹிகோனோகாமிக்குப் பூட்டும் இல்லை, வில்லும் இல்லை. அலகின் பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் முதல் கத்தியாக யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஈப்போ வாசகர்: மழைக்காலத்தில் என் ஒப்பினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதில்லை. பிடி பீச் மரம். ஈரம் குடித்து உப்பி அலகைக் கவ்விக்கொள்கிறது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள், அலகின் நுனி வெளியே வரும். காற்றாடக் காயவிட்டு, அலகு சுழலும் ஆணியைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி நாறும். தையல் மெஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் முன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கூலிம் வாசகர்: தாய்லாந்தின் ஹாட்யாயில் பட்டன் அழுத்தினால் பாய்கிற கத்தி ஒன்று பார்த்தேன் பாஸ். வாங்கி வரலாமா?

வேண்டாம். அந்த ரகத்தை இங்கே செய்வதும் விற்பதும் 1958-ம் ஆண்டின் ஆபத்தான ஆயுதச் சட்டப்படி குற்றம். சாதாரண மடக்குக் கத்தியைக்கூடத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் அதே சட்டம் பாயும். சிறை உண்டு, பிரம்படியும் உண்டு. 'மூன்று அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை' என்பதெல்லாம் காப்பிக்கடைப் பேச்சு. எதற்காக வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி.

லுமுட் வாசகர்: அண்ணே, துருப்பிடிக்கிற கார்பன் இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா?

நம் ஆட்களுக்குக் கார்பன்தான். பால்மரம் வெட்டும் கத்தி, பாராங் என்கிற வெட்டுக்கத்தி, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் என்று தோட்டத்தில் கூர்மையை நம்பிச் செய்யும் வேலைக்கெல்லாம் காலம் காலமாகக் கார்பன்தானே. தீட்டினால் சட்டென்று கூர் ஏறும்.

லுமுட் வாசகர், மறுபடியும்: ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிவாளைத் தினமும் தீட்டுகிறார்கள், துரு உட்கார நேரமில்லை. மடக்குக் கத்தி இழுப்பறையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. நான் கடலில் தூண்டில் போடுகிறவன். கார்பன் அலகு ஒரே இரவில் செம்மண் நிறமாகிவிடுகிறது.

கடலுக்கு ஸ்டெயின்லெஸ், சரி. அதில் சண்டை இல்லை. ஆனால் ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்காதீர்கள். குரோமியம் கலந்திருப்பதால் மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மடக்குக் கத்தி முதலில் கெடுவது அலகில் இல்லை, மூட்டில். பையில் ஊறும் வியர்வை உப்பும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அங்கேதான் அடைகின்றன. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் துடைப்பதில்லை.

சுங்கை சிப்புட் செம்பனைத் தொழிலாளி: நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். என் சுவிஸ் கத்தி உரமூட்டை நாலு அறுத்தாலே மழுங்கிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் சோம்பேறிக்குத்தான்.

லுமுட் வாசகர்: மண்ணும் மணலும் ஒட்டிய மூட்டையை அறுத்தால் எந்தக் கத்தியும் மழுங்கும். அண்ணே, நீங்களே சொல்லுங்கள்.

சொல்கிறேன். மணலுக்கு எந்த இரும்பும் தப்பாது, லுமுட் சொல்வது சரி. சுவிஸ் கத்தியை வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையாகத்தான் பதம் வைக்கிறார்கள், கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 55, 56 அளவு. சீக்கிரம் மழுங்கும், ஆனால் வீட்டுத் தீட்டுக்கல்லிலேயே கூர் ஏறிவிடும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஒப்பினெல்லில் ஒரே அளவுக் கத்தி இரண்டு இரும்பிலும் வருகிறது. கார்பன் வகையில் கரிச்சத்து சுமார் 0.9 விழுக்காடு, ஸ்டெயின்லெஸ்ஸில் 0.6 அளவு, கூடவே 13 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம். இரண்டையும் வாங்கி ஒரே வேலையில் போடுங்கள். கார்பனில் மாங்காய், வாழைப்பூ நறுக்கினால் அலகு சாம்பல் நீலமாகக் கறுக்கும். அது துரு இல்லை, சுரண்டாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் பொரிந்தால்தான் துரு.

தினமும் எடுக்கிறவருக்குக் கார்பன், எடுக்க மறக்கிறவருக்கு ஸ்டெயின்லெஸ். சண்டை இத்தோடு முடியட்டும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோல கங்சார் வாசகி: ஐயா, அப்பாவுக்குப் பரிசாக ஒன்று வாங்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கும். மாம்பழம், பாக்கு நறுக்குவார்.

வில் கடினமான கத்தி வேண்டாம் அம்மா, திறக்க நகம் நோகும். ஒப்பினெல் எட்டாம் எண் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அலகு எட்டரை சென்டிமீட்டர், திறக்க இலகு. வளையத்தைத் திருகிப் பூட்டிய பிறகே வெட்டச் சொல்லுங்கள். பாக்குக்கு மட்டும் பாக்குவெட்டியே இருக்கட்டும். காய்ந்த பாக்கில் கத்தி வழுக்கினால் நேராக விரல்தான்.

பாகான் செராய் வாசகர்: அலகில் '440' என்று அடித்திருக்கிறது. நல்ல இரும்புதானே?

அது ஸ்டெயின்லெஸ் ரகத்தின் எண். பின்னால் எழுத்து என்ன? 440சி என்றால் கரிச்சத்து ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 440ஏ அதைவிடக் குறைவு. எழுத்தே இல்லையென்றால் 'சி' என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பந்திங் வாசகர்: தரமான கத்தி எந்தக் கடையில் கிடைக்கும்?

முதல் பதில்.

தெலுக் இந்தான் வாசகர்: நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன்.

இரண்டாம் பதில். கேட்கும் முன் மேலே ஒரு பார்வை பாருங்கள் ஐயா.

சிம்மோர் வாசகர்: ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 'சோலிங்கன்' முத்திரையுள்ள கத்தி பார்த்தேன். வாங்கலாமா?

சோலிங்கன் ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயரை யார் போடலாம் என்பதற்கு 1938 முதலே அங்கே சட்டம் உண்டு. சட்டம் அங்கே, முத்திரை அடிக்கிற மெஷின் எங்கேயும் இருக்கும். எழுத்து கோணலாக, ஆழமில்லாமல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். பழைய கத்தியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அலகு எவ்வளவு மிச்சம்? மூடியதும் நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் தீட்டித் தீட்டியே தேய்ந்துபோன கத்தி. வீடு திரும்பும்போது பொட்டலத்திலேயே இருக்கட்டும், பையில் வேண்டாம். ஏன் என்று கூலிம் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மலிம் நாவார் வாசகர்: பழைய கெரிஸ் (மலாய்க் குத்துவாள்) ஒன்றுக்கு விலை மதிப்பிட முடியுமா?

என் துறை இல்லை. கோல கங்சார் புக்கிட் சண்டான் பக்கம் கெரிஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள்.

ரவாங் வாசகர்: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மெஷினில் தீட்டிக் கொடுத்தார். நுனி நீலமாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது.

அந்த நீலம் அழகில்லை ஐயா, வெந்த அடையாளம். சூட்டில் பதம் போய்விட்டது. எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. நீலம் தீரும் வரை தண்ணீர் தொட்டுக் கையாலேயே கல்லில் தேய்த்து எடுக்க வேண்டும், அலகு அந்த அளவுக்குக் குறுகும். இனி மெஷின் பக்கம் போகாதீர்கள். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று கரகரப்பு எண் உள்ள தீட்டுக்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பார் வாசகர்: அண்ணே, நல்ல கத்தி எங்கே கிடைக்கும்?

உரக்கடையில்.